மூன்றாவது தடவை ஓடிய ரீல்

எங்கள் பத்திரிகை செத்துப்போய்விட்டது என்று தென்காசியில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சொல்பவர் அதை ஒருநாளும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார். எட்டு மில்லிமீட்டர் ஃபிலிமில் சொந்தமாகப் படம் எடுக்கிறவர்களுக்கான பத்திரிகை அது. பால் குடிக்கிற பிள்ளைகூடப் போனில் வீடியோ எடுக்கிற காலத்தில் இப்படியொரு பத்திரிகையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே என் மாமியார் கேட்டுவிட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தபிறகு அங்கே ஃபிலிம் கழுவுகிற இருட்டறை சும்மா கிடந்தது. வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த பழைய கேமரா எங்கள் வீட்டு பீரோவில் அதைவிட நெடுங்காலமாகச் சும்மா கிடந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் கொடுத்தால் ஓடும். பெரிய டாக்டரிடம் கேட்டேன்; நோயாளிகள் சமாசாரத்தில் குழப்பம் வராமல் என்னவும் செய்துகொள் என்றார். நான் கழுவிய முதல் ரீலில் எங்கள் தெரு ஆடு ஒன்று நேராக நடந்துவந்து லென்ஸை நக்கியது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை.

அண்ணாச்சி முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவர். தென்காசியில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் அடிப்பார். இருட்டறை வாசலில் காய்ந்துகொண்டிருந்த ஃபிலிமைப் பார்த்ததும் முழங்காலை மறந்துவிட்டார். அவரிடமும் ஒரு கேமரா இருந்தது. இங்கேயிருந்து புளியங்குடிவரை வளைகுடாவுக்குப் போய்வந்த வீடுகளில் தேடினால் இன்னும் எத்தனை கிடக்குமோ, எல்லாருக்கும் சேர்த்து ஒரு பத்திரிகை போட்டால் என்ன என்றார். காலை எக்ஸ்ரே மேஜையில் நீட்டிக்கொண்டே கேட்டார். அவர் வெளியீட்டாளர், நான் ஆசிரியர் என்று அங்கேயே முடிவானது.

முதல் இதழ் வருவதற்குள் எங்கள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. புர்காவோடு குற்றாலம் மெயின் அருவிக்கு முன்னால் நின்று குளிக்கிறவர்களைப் படம் பிடிக்கிறாளாம். நான் பிடித்தது குரங்குகளை. யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. அந்தக் குரங்குப் படத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, ஆசிரியர் என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பேசினவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்தேன். பேச்சு நின்றதா என்றால் இல்லை. ஆனால் இரண்டு வீட்டிலிருந்து பரணில் கிடந்த கேமராக்கள் வந்தன.

அதன்பிறகு கொஞ்ச காலம் நாங்கள் ராஜாக்கள்தான். ரியாத்திலிருந்து வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ரீல் வாங்கிவருவார். எக்ஸ்ரே எடுக்கிறவளின் புருஷன், ரீல் கெட்டுவிடும், பெட்டியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விடமாட்டேன் என்று ஏர்போர்ட்டில் மல்லுக்கு நிற்பார். புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் லாரியில் மூடை ஏறுவதை மட்டுமே படமாக எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசகர்களிலேயே நல்ல கண் அவருக்குத்தான். வருஷாவருஷம் சாரல் சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலை எடுத்து, ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடி, எல்லார் படத்தையும் சுவரில் ஓட்டுவோம்.

பத்திரிகையில் எல்லாரும் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தை. அதற்குக் ‘கெட்ட ரீல்’ என்று பெயர். யாருடைய ரீல் கெட்டுப்போனாலும், எப்படிக் கெட்டது என்று அவரே தன் கைப்பட அடுத்த இதழில் எழுதவேண்டும். எழுதாதவர் படம் சுவரில் ஓடாது. இந்த விதியைப் போட்டவர் அண்ணாச்சி. ஆசிரியருக்கும் விலக்கு இல்லை என்று சேர்த்ததும் அவரே. நான் அதில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அவர் ஒருதடவைகூட எழுதியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எழுதுகிறவரும் அவர்தான். எங்கள் ரீல் ஒரு தடவை ஓடும்போது ஒரு ஓரத்தில் மட்டும்தான் படம் பதியும். திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினால் மற்ற ஓரத்தில் பதியும். கழுவியபிறகு நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை ஓடியது என்று டப்பா மேல் உடனே எழுதிவை, இல்லாவிட்டால் படத்துக்கு மேலேயே படம் எடுப்பாய் என்று இதழுக்கு இதழ் திட்டுவார்.

பிறகு ரீல் விலை ஏறியது. புரொஜெக்டருக்கு பல்பு கிடைக்கவில்லை. கேமராவைக் காபிக்கடைக்காரர்கள் அலங்காரத்துக்குக் கேட்க, கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். மாதாமாதம் வந்த இதழ் வரும்போது வரும் என்றாகிவிட்டது. அச்சகத்தில் அண்ணாச்சியின் மகன் ஃபிளெக்ஸ் மெஷின் இறக்கினார். கடைசியில் எங்கள் சந்தாதாரர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அடங்கட்டுமே! வேனில் போகிறவர்களுக்குப் படிக்கப் பத்திரிகை வேண்டாமா?

அண்ணாச்சி அப்படி நினைக்கவில்லை. போன சீசனில் குற்றாலத்து ஹாலில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று, இந்த இதழோடு நிறைவு செய்துகொள்ளலாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். ‘நிறைவு இதழ்’ என்று தங்க நிறத்தில் அடித்தே முடித்திருந்தார். ஆசிரியர் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

“ஏம்மா, எத்தன நாளைக்கு இத இழுத்துக்கிட்டுக் கெடக்கது? மரியாதையா முடிச்சிருவோம்” என்றார்.

“உசுரோட இருக்கதுக்கு யாராவது மய்யித்துத் தொழுகை வச்சு அடக்குவாங்களா அண்ணாச்சி?” என்றேன்.

எலுமிச்சைக்காரர் தரையைப் பார்த்தார். அண்ணாச்சி பேச்சை வளர்க்காமல் கேமராவை எடுத்து, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பிடித்தார். என்னிடம் வந்தபோது முறைத்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் ரீலை என் கையில் கொடுத்து, கடைசி ரீல், நல்லபடியாகக் கழுவிக்கொடு என்றார். கடைசி என்ற சொல்லை அவர் அத்தனை சுளுவாகச் சொன்னதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை, அந்தப் பத்திரிகை இல்லையென்றால் இந்த ஊரில் நான் எக்ஸ்ரே அக்கா மட்டும்தான்.

ரீலைக் கழுவி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு ஓரம் ஒழுங்காக இருந்தது. குற்றாலத்துக் கடைத்தெரு, பழக்கடைகள். இன்னொரு ஓரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எல்லார் முகத்துக்கும் மேலே ஐந்தருவி விழுந்துகொண்டிருந்தது. காலையில் அருவியையும் கடைத்தெருவையும் எடுத்து இரண்டு பக்கமும் முடிந்துபோன ரீலை, ஒரு பக்கம் பாக்கி என்று நினைத்து மூன்றாவது தடவை ஓட்டியிருக்கிறார் மனிதர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. என் முகத்திலும் அருவி கொட்டியது. முறைப்பு மட்டும் நனையாமல் அப்படியே இருந்தது.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனேன். அண்ணாச்சி லென்ஸை வைத்து ஃபிலிமை நெடுநேரம் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“டப்பா மேல எழுதலியா அண்ணாச்சி?”

“மறந்துட்டேன் போல.”

“அப்ப கெட்ட ரீல் பக்கத்துக்கு எழுதிக் குடுங்க.”

உள்பக்கம் எல்லாம் அடித்தாகிவிட்டது, இனிமேல் எங்கே சேர்ப்பது என்றார்.

“இதுல எதுக்குச் சேக்கணும்? விதி என்ன சொல்லுது? அடுத்த இதழ்லதான எழுதணும்” என்றேன்.

அண்ணாச்சி சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஃபிலிமில் இருந்த அதே முறைப்போடுதான் நின்றேன். அந்த விதியை அவர் மீறமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேரைக் கூசாமல் எழுதவைத்த மனிதர், தன் முறை வந்ததும் கடையைக் கட்டினார் என்ற பேருக்கு அவரால் இடம்கொடுக்க முடியாது.

“பொல்லாத பொம்பள நீ” என்றார்.

ஆமாம் என்றேன்.

எழுந்து போய் மெஷினில் கறுப்பு மையைப் போட்டார். அடித்து முடித்த அட்டைகளையே மறுபடி உள்ளே கொடுத்து, தங்க எழுத்தின் மேல் கட்டியாக ஒரு பட்டை ஓட்டினார். நான் மறுபக்கம் நின்று, வந்து விழுந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காயவைத்தேன்.

இதழ் கிடைத்த அன்றே எலுமிச்சைக்காரர் போன் போட்டார். அட்டையில் கறுப்பாக இருக்கிறதே, அதற்குக் கீழே என்ன என்று கேட்டார். ஹாலில் தரையைப் பார்த்த மனிதருக்குத் தெரியாதா என்ன!

“அச்சுப்பிழை” என்றேன்.