சோடாவில் வேகாத பூஞ்சை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்து, காயவைத்து, பொடித்துக் குழாயில் நிரப்புவோம். யுரேனியம் கலந்த கழிவுநீரை அதன் வழியாக விட்டால் உலோகத்தைப் பூஞ்சை பிடித்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கவேயில்லை.

நான் தாமல் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பம். அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வேலை. விடுமுறை நாட்களில் நானும் போவேன். கச்சாப் பட்டுநூலைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்துப் பசையை எடுக்காவிட்டால் சாயம் சரியாக ஏறாது. ஒருநாள் பூஞ்சையையும் சோடாவில் வேகவைத்து அலசிப் பார்த்தேன். அன்று யுரேனியத்தை அப்படியே பிடித்துக்கொண்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, லேபை சாயப்பட்டறை ஆக்கிட்டியா? இதையெல்லாம் எழுதினா சிரிப்பாங்க."

அவர் பெயரில் கட்டுரை வெளிவந்தது. முடிவுகள் என்னுடையவை. வேகவைத்தது அதில் இல்லை, என் பெயரும் இல்லை. போய்க் கேட்டேன்.

"நீ வேகவெச்சே, அவ்ளோதானேம்மா? சமையக்காரி பேரை கல்யாணப் பத்திரிகைல போடுவாங்களா?"

அன்று பேருந்தில் அழுதேன். மறுநாள் அழுகை இல்லை, வன்மம்தான் இருந்தது.

திட்டத்துக்கு நிதி தருகிறவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். "கட்டுரைல இருக்கிறபடி அப்படியே ரெடி பண்ணிடும்மா" என்றார் பேராசிரியர். ஓர் எழுத்து மாறாமல் செய்தேன். வேகாத பூஞ்சையை நிரப்பினேன்.

வெளியே வந்த நீரில் அவரே சோதனைத் துளி விட்டார். யுரேனியம் போயிருந்தால் ரோஸ் நிறமாக நிற்கும், இருந்தால் நீலப்பச்சை. முகூர்த்தப் புடவைக்கு எடுக்கலாம் போல மயில்கழுத்து நிறம் வந்தது. மூன்று முறை விட்டார், மூன்று முறையும் அதுவே. என் வயிறு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "என்னம்மா பண்ணிக்கினு இருக்கே? சோடாவுல வேகவெச்சியா இல்லையா?"

"இல்ல சார். கட்டுரைல அது இல்லையே."

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எதை வேகவைக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். முதல்முறையாக அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

அத்தனை பேர் முன்னால் பேனாவையும் தாளையும் அவரிடம் நீட்டினேன்.

"முதல்ல என் பேரை எழுதிக் குடுங்க சார். அப்புறம் அடுப்பைப் பத்தவெக்கிறேன்."