மொபெட்டில் இருந்து கழற்றிய கண்ணாடி

என் வீட்டுக்காரரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் "தங்கமான மனுஷன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவரைத் தங்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டியதில்லை, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதில்லை. தங்கத்துக்கு எங்கே காய்ச்சல் வரப்போகிறது?

கோயம்புத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். நான் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தேன். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. ஆனால் மனிதர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்கிற வேலை என்பதால், யார் மரியாதையாகப் பேசுகிறார்கள், யார் மரியாதை மாதிரிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு என்பது சுவரில் ஒட்டிய அட்டவணையில் மட்டும் இருந்தது. மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். "போர்ஷன் முடியலீங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க சார்." அந்த ஒரு நாள் ஜூனில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும் நடக்கும். இவர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறைக்குப் போய்விடுவார். உடைந்த பெஞ்சும், மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டையும் கிடக்கிற அறை. இடைவேளையில் அங்கே வந்து பாடுகிற பிள்ளைகளுக்குத் தும்மிக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். ஆண்டு விழா வந்தால் மட்டும் அத்தனை பேரும் அவரைத் தேடுவார்கள். தாளாளருடைய வீட்டு விசேஷத்துக்கும் தேடுவார்கள். "நம்ம வாத்தியார் இல்லாட்டி ஆகுமாங்க?" என்று சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

சர்ச் கதை இதைவிட மோசம்.

எங்கள் சர்ச்சில் இருந்தது காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன். அது சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். வாசிக்கிறவர் முதுகைச் சபைக்குக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். போதகர் எப்போது எழுந்தார், கல்யாணப் பெண் எப்போது வாசலுக்கு வந்தாள் என்பதெல்லாம் தெரிய ஒரு கண்ணாடி வேண்டும். கமிட்டியிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் இவர் தன்னுடைய மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றி ஆர்கன் மேல் முடுக்கிவிட்டார். அவினாசி ரோட்டில் பின்னால் லாரி வருகிறதா, பஸ் வருகிறதா என்று பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் அவருக்குக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியில்தான் அவர் ஊரார் கல்யாணம் அத்தனையும் பார்த்தார். ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, கிறிஸ்துமஸ் எல்லாம் அதில்தான். அறுப்புப் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் பூசணிக்காயை யார் எடுத்தார் என்பது வரைக்கும் அதில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார்.

ஆர்கனுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். வாத்தியாரைத் தவிர வேறு யாரும் இதைத் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எழுதி மாட்டியவர் கமிட்டி செக்ரட்டரி. பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்தவர். அந்த அட்டையைத் தனக்குக் கிடைத்த பெரிய கௌரவம் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அவர் ஏமாந்தார்.

அவருடைய பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தாள். டிரெயினிங் படிக்கும்போதே ஆர்கன் வாசிக்கப் பழகியவள். நன்றாக வாசிப்பாள் என்று இவரே சொல்வார். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வீடு. அவளுடைய அம்மா எங்கள் சர்ச்சைக் கூட்டிப் பெருக்குகிறவர். அந்தத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். ஆராதனைக்கு வருவார்கள், காணிக்கை போடுவார்கள், கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று எங்கேயும் அட்டை மாட்டவில்லை. அதற்கு அட்டை தேவைப்படவில்லை.

ஒரு தடவை இவருக்குக் கடுமையான காய்ச்சல். டீச்சர் வாசிக்கட்டும் என்று செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னார். நானும் கூட நின்றேன்.

"அதெல்லாம் ஒத்து வராதுங்க வாத்தியாரே. இன்னிக்கு அந்தப் புள்ள உக்காந்தா நாளைக்கு அந்தத் தெருவே வந்து முன்னால உக்காந்துக்கும். நீங்க வாசிச்சாத்தான் நமக்கு வாசிச்ச மாதிரி."

ஏசுநாதர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு அந்த மனுஷன் இதைச் சொன்னார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. என் வீட்டுக்காரர் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய் ஆராதனை முழுக்க வாசித்தார். கடைசிப் பாட்டில் கால் நடுங்கி ஆர்கனுக்குக் காற்றே போதவில்லை. மறுநாள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. தங்கமான மனுஷன் அல்லவா.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பொள்ளாச்சி. வழக்கம்போல மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசித்துச் சபைக்கு அறிவித்தார்கள். மூன்றாம் ஓலை வாசித்த அன்று ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி எங்களை நிறுத்தினார்.

"கண்ணாலத்தன்னைக்கும் வாத்தியாரே வாசிச்சுருங்க. பொண்ணுக்கு மாமன் இருக்காருல்லங்க? அவரு கையப் புடிச்சுக் கூட்டியாரட்டும். மாமனுக்கும் மொறதானுங்களே."

எங்கள் சர்ச்சில் பெண்ணை வாசலில் இருந்து பலிபீடம் வரைக்கும் கூட்டி வருவது அப்பா. அப்பா இல்லாத பெண்ணுக்குத்தான் மாமன். இந்த ஆள் என் புருஷனை உயிரோடு வைத்துக்கொண்டே இல்லாமல் ஆக்குகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "செரிங்க, பாத்துக்கலாமுங்க" என்று தலையாட்டிவிட்டார்.

மொபெட்டில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் காதுக்குப் பின்னால் கத்தினேன். லட்சுமி மில் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"ஏனுங்க, ஊரான் புள்ளைக்கெல்லாம் வாசிச்சீங்க. சொந்தப் புள்ளைக்கு அப்பனா நிக்கறதுக்கு ஒரு நாளு இல்லீங்களா?"

"உடு அம்மணி. ஆராவது வாசிச்சுத்தான ஆகோணும்? நான் கண்ணாடில பாத்துக்கறேன். அதுல நல்லாத் தெரியும்."

கண்ணாடியில் நன்றாகத் தெரியுமாம். பெற்ற பெண்ணின் கல்யாணம் உள்ளங்கை அகலக் கண்ணாடியில், தலைகீழாக இல்லாத குறையாக. அன்று ராத்திரிச் சமையலில் எதற்கு உப்புப் போட்டேன், எதற்குப் போடவில்லை என்று எனக்கே தெரியாது. மகள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவள் அப்பா மாதிரி. "சின்னப் புள்ளையில இருந்து சர்ச்சுல அப்பா முதுகத்தானம்மா பாத்திருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பூ கட்டுகிறேன் என்று சர்ச்சுக்கு முதலில் போனேன். ஒரு ஸ்குரூ டிரைவரும் கொண்டு போயிருந்தேன். ஆர்கன் மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெரிய திட்டமெல்லாம் கிடையாது. ஒரு தடவையாவது அந்த மனுஷன் கழுத்தைத் திருப்பிப் பார்க்கட்டும் என்ற ஆத்திரம்தான். திரும்பினால் டீச்சர் தூணில் பூச்சரம் சுற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, என்னங்க பண்றீங்க?"

"நீ இன்னிக்கு முன்னால, ஆர்கனுக்குப் பக்கத்துல உக்காரு கண்ணு. அவரு எந்திரிச்சுட்டாருன்னா நீ வாசி."

"செக்ரட்டரி எதாச்சும் சொல்லுவாருங்க அக்கா."

"சொல்றதுன்னா எங்கிட்டச் சொல்லச் சொல்லு."

பூச்சரத்தைச் சுற்றி முடித்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

சர்ச் நிறைந்துவிட்டது. இவர் கோட்டு போட்டுக்கொண்டு, மிதிப்பதற்கு வசதியாக ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஆர்கனில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கீழே விழுந்திருக்கிறதா என்று குனிந்து தேடினார். அதற்குள் பெண் வந்துவிட்டாள் என்று வாசலில் இருந்தவர் கைக்குட்டையை ஆட்டினார். சபை எழுந்து நின்றது. ஆர்கன் சத்தம் மட்டும் வரவில்லை. செக்ரட்டரி முன் பெஞ்சில் இருந்து, "பொண்ணு வந்தாச்சுங்க, வாசிங்க, வாசிங்க" என்று கையைக் காட்டினார்.

இவர் திரும்பினார்.

வாசலில் வெள்ளைச் சேலையில் அவர் மகள் நின்றாள், பக்கத்தில் என் தம்பி. அவள் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்கன் வாசித்து எத்தனையோ பெண்களை உள்ளே வரவழைத்த அந்த மனுஷன், ஒரு கல்யாணப் பெண்ணை நேருக்கு நேராகப் பார்த்தது அன்றுதான். எழுந்தார். ஷூவைக்கூட மாட்டவில்லை. வெறுங்காலோடு சர்ச்சின் நடுவில் நடந்து வாசலுக்குப் போனார். என் தம்பி விலகி நின்றான். அவர் மகளின் கையைப் பிடித்ததும் ஆர்கன் ஆரம்பித்தது. டீச்சர் வாசித்தாள். பின்னால் கடைசி பெஞ்சில் அவளுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

செக்ரட்டரி முகம் கறுத்துவிட்டது. சபை முழுக்க நிற்கும்போது அவரால் என்ன செய்ய முடியும்? என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பாவும் மகளும் அழுதுகொண்டே நடந்து வந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுதானே, இதைக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லையே என்று வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆர்கனில் புதுப் பூட்டுத் தொங்கியது. செக்ரட்டரி சாவியோடு நின்றார். "வாத்தியாருக்குன்னா இப்பவே தொறந்து உடறேனுங்க. வேற ஆரும் கை வெக்கப்படாது."

வழக்கம்போலத் தலையாட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சரும் வாசிக்கலாம்னாத் தொறங்க," என்றார் இவர். "இல்லாட்டி பூட்டியே கெடக்கட்டுமுங்க."

சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆர்கன் இல்லாமல் சபை ஆளுக்கொரு பக்கம் பாட்டை இழுத்தது. இவரும் பாடினார். இத்தனை வருஷத்தில் அவர் சர்ச்சில் பாடி அன்றுதான் கேட்டேன். பாட்டு வாத்தியாருக்குக் குரல் அப்படியொன்றும் நன்றாக இல்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று வெளியே வந்ததும், "கண்ணாடி உங்கிட்டத்தான அம்மணி இருக்குது?" என்றார். ஒரு மணி நேரத்தில் மனசு மாறி மறுபடி அதை அங்கேயே மாட்டப் போகிறார் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து வெடுக்கென்று கொடுத்தேன். அவர் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, மொபெட்டின் பெட்டியில் இருந்து ஸ்பேனரை எடுத்து, கண்ணாடியை ஹேண்டில்பாரில் முடுக்கினார். என்னைப் பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"லாரி வந்தாத் தெரியுங்களா?" என்றேன்.

"லாரி தெரியல. நீ தெரியற."

இத்தனை வருஷமாக எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.