ஒன்றே கால் கிலோ லேப்டாப்

லேப்டாப் விற்கிறவருக்கு அதைப் பற்றி அதிகம் தெரிய வேண்டியதில்லை. வாங்க வருகிறவரைவிட நாலு வார்த்தை கூடத் தெரிந்தால் போதும். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஏமாந்தவர் நீங்கள் என்றால், இந்தப் பக்கம் நின்று கூனிக் குறுகியவள் நான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

தூக்கிப் பார்ப்பவர்கள்

2009-இல் பத்து அங்குலத் திரையோடு குட்டி லேப்டாப்புகள் எங்கள் கடைக்கு வந்தன. பெரியதைவிட விலை ரொம்பக் குறைவு, எடை ஒன்றே கால் கிலோ. கேமரா உண்டு, வைஃபை உண்டு, கரண்ட் போனாலும் ஐந்து மணி நேரம் ஓடும். ஆனால் எங்கள் பக்கத்தில் பித்தளைக் குடமானாலும் மிக்ஸியானாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனமாக இருந்தால் நல்ல சாமான். குட்டியைத் தூக்கியவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார்கள். முதலாளி விற்காத பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. மெஷினைத் தனியாகக் காட்டாமல் பையோடு கொடுத்தேன். பைக்குள் சார்ஜர், அதற்கு அடியில் கம்பெனி அனுப்பியிருந்த தடித்த விலைப்பட்டியல் புத்தகம் இரண்டு. கம்பத்திலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரி ராவுத்தர் ஒருவர் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் பில் போடச் சொன்னார். அப்புறம் புத்தகங்களை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவையும் அவரோடு கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "இப்பத்தேம்மா ஒரு சாமான் வாங்குன மாதிரி இருக்கு."

நெட்டிலேயே வந்துவிடும்

முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். மெஷினில் இருப்பதைச் சொல், இல்லாததைப் பற்றி வாயைத் திறக்காதே. குட்டியில் சிடி போட இடம் இல்லை. வேகமும் கிடையாது.

காலேஜ் சேருகிற சமயத்தில் கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மகள் கவிதாவுக்குத் தேனிப் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. தினமும் பஸ்ஸில் வந்து போக வேண்டும் என்பதால் லேசாக இருக்க வேண்டும், விலை கம்மியாக இருக்க வேண்டும், படிப்புக்கு வேண்டியது எல்லாம் இருக்க வேண்டும் என்றார்கள். தூக்கினதே தெரியாது என்று சொல்லிக் குட்டியை எடுத்து வைத்தேன். கவிதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிடி எங்கே போடுவது என்று கேட்டாள். இந்தக் காலத்தில் சிடி யார் போடுகிறார்கள், எல்லாம் நெட்டிலேயே வந்துவிடும் என்றேன். அவள் வீட்டுக்கு நெட் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் படிப்புக்கு இது போதுமா என்று அம்மா கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுத்தா. நீயும் ஒரு பொம்பளப் பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்."

காணாமல் போன ஓகே

இரண்டு மாதம் கழித்து கவிதா தனியாக வந்தாள். காலேஜில் படம் வரைகிற சாஃப்ட்வேரை சிடியில் கொடுத்திருந்தார்கள். எங்கள் கடையில் சர்வீஸ் பார்க்கும் முருகேசன் அண்ணன் அதைப் பென்டிரைவில் ஏற்றி, குட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். அது திறப்பதற்குள் அவர் ஒரு டீயே குடித்து முடித்துவிட்டார். திறந்த பிறகு இன்னொரு கூத்து. திரை உயரம் போதாமல், சாஃப்ட்வேர் கேள்வி கேட்டுக் காட்டுகிற பெட்டியின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விட்டது. அமுக்க வேண்டிய ஓகே பட்டன் கண்ணிலேயே படவில்லை. என்டரைத் தட்டிப் பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் காலேஜ் லேபிலேயே இருந்து வரைந்து முடிக்கிறாளாம். நாலரை மணி பஸ் போய்விடுவதால் வீடு போய்ச் சேர எட்டு மணி ஆகிறதாம். முதல் டெஸ்ட்டில் அந்தப் பேப்பரில் மட்டும் ஃபெயில். மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்கட்டுமா என்று இழுத்தேன். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்ற போர்டு அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. கவிதா குட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம்க்கா. அம்மா காதுக்கு மட்டும் போகாமப் பாத்துக்கங்க. அவுக இத அக்கம்பக்கமெல்லாம் காட்டிப் பெருமப்பட்டுக்கிட்டு இருக்காக."

சிபாரிசு

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த அம்மா கடைப் படியேறுவதைப் பார்த்ததும் சர்வீஸ் ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முருகேசன் அண்ணன் வந்து, சண்டையெல்லாம் இல்லை, ஒரு பை திராட்சையும் ஒரு கிராக்கியும் கொண்டுவந்திருக்கிறார், போய்ப் பார் என்றார். கூட வந்திருந்தவர் அவர் தெருவில் இருக்கும் பாண்டியம்மா. மகன் கவிதாவின் காலேஜிலேயே வேறு செக்ஷனில் படிக்கிறான். அவனுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். இந்தப் பிள்ளையிடம் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லும் என்று அந்த அம்மா என்னைக் காட்டினார்.

நான் வசமாக மாட்டிக்கொண்டேன். வாயைத் திறந்தால் கவிதா மறைத்தது வெளியே வரும். திறக்காவிட்டால் இன்னொரு வீட்டிலும் இதே கதை நடக்கும். திறந்தேன். சிடி போட முடியாது, வரைகிற சாஃப்ட்வேர் சரியாக ஓடாது, அந்தப் படிப்புக்கு இது உதவாது, பெரியதுதான் வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே ஒப்பித்தேன். பாண்டியம்மா பெரியதையே எடுத்துக்கொண்டார். பெரியதில் லாபம் கூட என்பதால் முதலாளி என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

பில் போட்டு முடிந்ததும் கவிதாவின் அம்மா கவுண்டர் பக்கம் வந்தார். எனக்கென்று கொண்டுவந்த திராட்சைப் பையைக் கவுண்டர் மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்க பிள்ளைக்கு மட்டும் ஏன்த்தா சொல்லல?"

தூக்கினதே தெரியாது என்று சொல்லி நான் விற்ற அந்த ஒன்றே கால் கிலோ, இத்தனை வருஷம் ஆகியும் என் தலையைவிட்டு இறங்கவில்லை.