நூலுக்கு வேண்டிய ஈரம்

மில்லில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஈரக்காரர்'. இருபத்திரண்டு வருடமாக அவர் செய்வது ஒரே வேலைதான்: நூல் நூற்கும் கூடத்தில் காற்று காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. காற்று காய்ந்தால் இழை பட்டுப்பட்டென்று அறுந்துவிடும். சுவரில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமனே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று கணக்குப் போட்டு, மணிக்கு ஒருமுறை பலகையில் எழுதுவார். அறுபத்தைந்து இருக்க வேண்டும். குறைந்தால் ஓடிப்போய்த் தண்ணீர் தெளிப்பான்களைத் திறப்பார். சில நாள் கருவியைப் பார்க்காமலே மூக்கைத் தூக்கி, "அறுபத்திரண்டுதான் இருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் அறுபத்திரண்டுதான்.

அந்த மூக்குக்குத் தன் வீட்டுக் காற்று மட்டும் பிடிபடவில்லை.

மில்லின் பின்சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி அறை அவருடையது. மலையடிவார ஊர் என்பதால் குளிர்காலத்தில் நாள் முழுக்க ஹீட்டர் எரியும். ஏழு வயது மகளுக்கு உதடு வெடித்தது. வறட்டு இருமல் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் தலையணை உறையில் ரத்தம். மூக்கிலிருந்து வந்திருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய வியாதி இல்லைங்க. ஹீட்டர் காத்தைக் காய வைக்குது. மூக்குக்குள்ள தோல் வறண்டு கீறுது. காத்துல ஈரம் சேர்க்கிற மிஷின் ஒண்ணு வாங்கி வைங்க. தினமும் கழுவணும், காய்ச்சி ஆறவெச்ச தண்ணிதான் ஊத்தணும். அப்புறம் அளவு..."

"அளவு நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்று சிரித்தார் ஈரக்காரர். காற்றைப் பற்றி அவருக்கே பாடமா?

மிஷின் வந்தது. ஒரு குடம் அளவு, மேலே வெள்ளையாக ஆவி. மகள் அதற்குப் 'புகையண்ணன்' என்று பெயர் வைத்தாள். பத்தே நாளில் மூக்கில் ரத்தம் நின்றது. இருமல் அடங்கியது. நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்யும் மனைவிக்கும் தொண்டைக் கரகரப்பு போனது.

"ஏங்க, இத்தனை வருஷம் இது தோணலையே உங்களுக்கு?" என்றாள் அவள்.

"மில்லு காத்து மில்லோடன்னு இருந்துட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். தொழில் விடவில்லை. மில்லில் கழித்துக்கட்டிய இரட்டைத் தெர்மாமீட்டரை எடுத்துவந்து கட்டில் பக்கம் மாட்டினார். நாற்பத்தாறு காட்டியது. நாற்பத்தாறா! மில்லில் நாற்பத்தாறு காட்டியிருந்தால் வேலையே போயிருக்கும். மிஷினின் திருகை முழுக்கத் திருப்பினார். அறுபத்தைந்து வந்ததும்தான் மனசு ஆறியது.

"வீட்டுலயும் ஒரு ஷிப்டாங்க?" என்று மனைவி கிண்டலடித்தாள்.

மூன்றாவது வாரம் கட்டிலுக்குப் பின்னால் சுவர் வியர்த்தது. நாலாவது வாரம் கறுப்புப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம். மகளுக்கு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது.

"எவ்வளவு வெச்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அறுபத்தஞ்சு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "உங்க பொண்ணு என்ன நூலாங்க? மனுஷனுக்கு நாப்பதுலேருந்து அம்பது போதும். அதுக்கு மேல போனா சுவருல பூஞ்சணம் வளரும். அன்னைக்கு நான் சொல்ல வந்தேனே!"

நூலுக்கு எவ்வளவு வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக மணிக்கு மணி அவரைக் கேட்டவர்கள் உண்டு. மனிதருக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"ஈரத்தைக் குறைங்க. சுவரைச் சுரண்டிக் கழுவுங்க. பகல்ல ஜன்னலைத் திறந்து வெச்சாத்தான் சுவர் காயும்."

குறைத்தார். கழுவினார். ஜன்னலைத் திறந்தார். ஒரே நிமிடத்தில் போர்வை மேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே மில்லின் கழிவுக்காற்றுக் குழாய். கூடத்துத் தூசியெல்லாம் அங்கேதான் வந்து கொட்டும். மூடினால் பூஞ்சணம், திறந்தால் பஞ்சு.

மேனேஜரிடம் போனார். "அந்தக் குழாயோட வாயை மட்டும் நாலடி மேல திருப்பி விட்டா போதுங்க. குழந்தைக்கு மூச்சு..."

"நூல் அறுபடுதா?"

"இல்லீங்க."

"அப்போ பிளாண்ட் நல்லாத்தானே ஓடுது. வீடு பிடிக்கலைன்னா சொல்லுங்க, வர்றதுக்கு ஆள் வரிசையில நிக்குது."

தகரக் குழாய். நாலடி. ஒரு ஃபிட்டருக்கு அரை நாள் வேலை. இதில் விதி எங்கே வந்தது, தலையெழுத்து எங்கே வந்தது? நூல் காய்ந்தால் ஓடிவர இரண்டு சூப்பர்வைசர்கள். குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு பியூன்கூட இல்லை. அடுத்த அறைக்காரரிடம் சேர்ந்து கேட்போம் என்றார். அந்த வீட்டிலும் இருமல்தான். "வரிசையில ஆள் நிக்குதுன்னு உங்களுக்கு மட்டுமா சொன்னாரு?" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளை மனைவியின் அக்கா வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. மேட்டில் வீடு, நல்ல காற்று. மிஷினையும் கூடவே கட்டினார்கள்.

"நீ வரலியாப்பா?"

"நான் வந்தா நூல் அறுந்துடும்டா."

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்."

அவர் புகையண்ணனைத் துணியால் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

இப்போது தினமும் சாயங்காலம், அவர் ஷிப்டில் இருக்கும்போது, மகள் போன் செய்கிறாள். அவர் வாங்கிக் கொடுத்த, ஈரம் காட்டும் சின்ன வட்டக் கருவியைப் பார்த்து எண் சொல்வாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து. எண்ணைவிட, எண்ணுக்கு நடுவே வரும் மூச்சைத்தான் அவர் கேட்பார். விசில் குறைந்திருந்தது.

நேற்றுச் சொன்னாள்: "முப்பத்தொண்ணுப்பா."

"என்னடா இவ்வளவு காஞ்சு போச்சு? மிஷின்ல தண்ணி இருக்கா?"

"இல்லப்பா. நேத்து ராத்திரிலேருந்து ஓடல. பெரியம்மாவுக்கு வேலை. எனக்கு அந்த மூடி திறக்க வரல." ஒரு இருமல். "மூக்குல லேசா ரத்தம். நான் தொடைச்சுட்டேன்."

"பெரியம்மாகிட்டே குடு போனை."

"கடைக்குப் போயிருக்காங்க."

"சரி, மூடியை இடது பக்கமா..."

"ஈரக்காரரே!" சூப்பர்வைசர் கூடத்து வாசலில் நின்று கத்தினார். "அறுபதுக்கு இறங்கிடுச்சு! நூல் அறுபடுது, காது கேக்கலையா?"

"அப்பா, இடது பக்கம்னா எந்தப் பக்கம்?"

"ஈரக்காரரே!"

அவர் போனை வைத்துவிட்டு, தண்ணீரைத் திறக்க ஓடினார்.