பழைய ஆளை இறக்கணும்

என் நிச்சயதார்த்தத்தன்று ஒரு சமையல்காரருக்காக நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகப் பார்த்தார்கள். கப்பலில் வேலை முடிந்தவர்களை இறக்கி, அவர்கள் இடத்தில் புதியவர்களை ஏற்றுவதுதான் என் பிழைப்பு. ஆபீஸ் பட்டர்வொர்த்தில், வீடு புக்கிட் செலம்பாவில். அன்று விடுப்பு எடுத்திருந்தேன். எடுத்து என்ன, கைப்பேசிக்கு விடுப்பு உண்டா?

பினாங்கில் இறங்க வேண்டிய விமானம் மழையால் அலோர்ஸ்டாருக்குப் போய்விட்டதாம். அதில்தான் புதுச் சமையல்காரர் இருந்தார். அவர் ஏறாவிட்டால், மாலையில் புறப்படும் கப்பலோடு பழையவரும் போக வேண்டியதுதான். தூத்துக்குடிக்காரர். மகள் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள், இன்னும் நேரில் பார்க்கவில்லை. போன துறைமுகத்திலும் இப்படித்தான் கடைசி நேரத்தில் ஏமாந்தார்.

அடுப்படியில் நின்று கைப்பேசியில் ஆபீஸ் டிரைவரிடம் கத்தினேன். "பழைய ஆளை இன்னைக்கு எப்படியாச்சும் கழட்டி விட்டுரணும் அண்ணே. புது ஆளு அலோர்ஸ்டார்ல வந்து நிக்கிறாரு. அவரு ஏறினாத்தான் இவரு இறங்க முடியும்."

அது கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. செமிலிங்கிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, மடியிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"யாரும்மா அந்தப் புது ஆளு?"

"சமையல்காரர் அத்தே."

அது இன்னும் மோசமாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் எழுந்தே விட்டார்கள். நான் திக்கித் திணறி விளக்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுவரை உம்மணாமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தேன். எழுந்து சாவியை எடுத்தார்.

"உங்க வேன் பட்டர்வொர்த்துல கிடக்கு. நம்ம காடி இங்க வாசல்லயே இருக்குலா, அலோர்ஸ்டாரும் இங்கேருந்து கிட்டதான். போய்க் கூட்டிட்டு வந்துருவோம்."

"நிச்சயம் ஆகாத புள்ளைங்க தனியாவா?" என்று அத்தையும் லட்டுத் தட்டோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

விமான நிலைய வாசலில் புதுச் சமையல்காரர் பூ கட்டிய காரையும் என் பட்டுச் சேலையையும் பார்த்துவிட்டுப் பெட்டியோடு பின்வாங்கினார். "நான் கப்பலுக்குப் போகணுங்க. கல்யாணச் சமையலுக்கு வரல."

"ஏறுங்க தம்பி, முதல்ல பசியாறுங்க," என்று அத்தை அவர் வாயில் லட்டைத் திணிக்காத குறை. நெடுஞ்சாலை முழுக்கச் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. நல்ல நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. அத்தையே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பட்டர்வொர்த் துறைமுக வாசலில் மாப்பிள்ளையையும் அத்தையையும் விட்டுவிட்டு, பட்டுச் சேலைக்கு மேல் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையும் மல்லிகைக்கு மேல் தலைக்கவசமுமாகப் புதியவரோடு உள்ளே ஓடினேன். காவலாளிகள் சிரித்தால் சிரிக்கட்டும். பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரை குத்தும் வேலை முடிந்து புதியவர் ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் பழையவர் பையோடு இறங்கினார்.

இறங்கியதும் மனைவியை அழைத்தார். அவள் நம்பவில்லை. "நீங்க சொல்லுங்கக்கா," என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"கப்பல் ஏஜென்ட் பேசறேங்க. உங்க வீட்டுக்காரரு இறங்கிட்டாரு."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னாவ. அவிய காலு தரையில இருக்கா? நீங்க பாத்தியளா?"

குனிந்து பார்த்தேன். பழைய ரப்பர் செருப்பு, ஈரச் சிமெண்டுத் தரை.

"பாத்தேங்க. ரெண்டு காலும் தரையிலதான் இருக்கு."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவள் பேசியது என்னிடம் இல்லை.

"ஏட்டி, அப்பா இறங்கிட்டாவ."