ஊற வைத்த மருந்து

மொழிபெயர்ப்பு என்பது, ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாத, தப்பாகச் செய்தால் எல்லார் கண்ணிலும் படுகிற தொழில். நான் செய்த தப்பு மற்றவர்கள் கண்ணில் படுவதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அதைத் துரத்திப் போக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சக பாவிகளே, நீங்களும் என்றாவது ஒரு சொல்லிடம் வசமாக மாட்டியிருப்பீர்கள். என்னை மாட்டிவிட்டது ‘இன்ஃப்யூஸ்’ என்ற, இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுகிற ஆங்கிலச் சொல்.

வெட்டிவேர் எண்ணெய்

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ஹோட்டல். மூலிகை எண்ணெய் தேய்த்துவிடுவது, மூலிகை டீ கொடுப்பது என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சின்னப் புத்தகம், தமிழில் நான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘இன்ஃப்யூஸ்’. நான் ரசித்து ரசித்து ‘வெட்டிவேர் மணம் ஏறிய எண்ணெய்’, ‘புதினா ஊறிய தண்ணீர்’, ‘சாறு இறங்கிய டீ’ என்று விதவிதமாகப் போட்டிருந்தேன். மறுநாளே அச்சுக்குப் போக வேண்டும். மேனேஜர் பாபு கடுகடுவென்று போன் செய்தார்.

“ஒரு வார்த்தைக்கு இன்னாத்துக்கு மேடம் மூணு வார்த்தை? எது வந்தாலும் ஊற வச்சதுனு போட்டுகினே போங்க, பேஜாரு வேணாம்.”

ஒழுக்கமும் துணிவும்

போட்டேன். அதோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தேன். என்னிடம் இருக்கும் மென்பொருளுக்கு ஒரு சொல்லின் தமிழை ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால், அப்புறம் வருகிற வேலையிலெல்லாம் தானே அதைப் போட்டுவிடும். ‘இன்ஃப்யூஸ்’ என்றால் ‘ஊற வை’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த மாதம், நாங்கள் குடியிருக்கும் அணுபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா மலர். ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒழுக்கத்தையும் துணிவையும் விதைக்கிறோம் என்ற அர்த்தத்தில் தாளாளர் ஆங்கிலத்தில் ‘இன்ஃப்யூஸ்’ போட்டு எழுதியிருந்தார். வீட்டில் விருந்தாளிகள். நான் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிட்டேன். மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, ‘ஒவ்வொரு குழந்தையையும் ஒழுக்கத்தில் ஊற வைக்கிறோம்’ என்று நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நாங்க பள்ளிக்கூடம் நடத்துறோம் மேடம், ஊறுகாய்க் கம்பெனி இல்ல.”

கொண்டைக்கடலை

அந்த மலரில் திருத்திக் கொடுத்தேன். மென்பொருளில் திருத்தவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் கிடையாது.

பிறகு செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அவசர வேலை வந்தது. வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கு நர்ஸ் தினமும் போய் நரம்பு வழியாக மருந்து கொடுப்பார். மறுநாளுக்கான மருந்து பாட்டில் வீட்டிலேயே இருக்கும். குடும்பத்தார் தெரிந்துகொள்ள இரண்டு பக்கக் குறிப்பு. மதியம் வந்தது, சாயங்காலம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஈரக் கையோடு ஓடிப் போய் அந்தக் குறிப்பைத் திறந்தேன். ‘மருந்தை ஒரு மணி நேரம் ஊற வைக்க வேண்டும்’ என்று இருந்தது. நரம்பு வழியாக மருந்து இறக்குவதற்கும் ஆங்கிலத்தில் அதே ‘இன்ஃப்யூஸ்’தான். யார் ஊற வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. படிக்கிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறது என்று நினைப்பார்கள். முதலில் மென்பொருள் மேல் கோபம் வந்தது. அப்புறம் என் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மருத்துவமனையில் ரேவதி என்ற பெண்தான் இந்த வேலைகளைக் கவனிப்பவள். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். ஏழுமலை, ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், காலில் புண் சீழ் வைத்துச் சேர்ந்திருந்தவர், நேற்று ராத்திரிதான் வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு நர்ஸ் வருவதாக ஏற்பாடு. அப்போது மணி எட்டே முக்கால். ரேவதி அவர்கள் வீட்டு நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப். நர்ஸ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், லைன் கிடைக்கவில்லை. வீடு எங்கே என்று கேட்டேன். ரேவதி குரலைத் தாழ்த்தினாள்.

“விலாசம் வெளிய சொல்லக்கூடாது மேடம். ஆனா எங்களவிட நீங்கதான் கிட்ட இருக்கீங்க, எழுதிக்கோங்க.”

சொம்பு

வீடு திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி. மலையடிவாரத்தில் கோயிலுக்கு வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. அந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்திருந்தால்? புண்ணில் ஊற்றியிருந்தால்? எதைச் செய்தாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஏழுமலை கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “மருந்தத் திறந்துட்டீங்களா?” என்றேன். யார், எவர் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் அடுப்பு மேடையைக் காட்டினார். எவர்சில்வர் சொம்பு, கழுத்து வரைக்கும் தண்ணீர், அதற்குள் மருந்து பாட்டில்.

“அருவாமணைல நெம்பிப் பாத்தேன், மூடி வர்ல. அதான் அப்டியே ஊற வச்சிகீறேன். ஊறினப்பறம் வடிகட்டிக் குடுக்கணுமா, இன்னானு கேக்கலாம்னா, போன்ல சார்ஜ் இல்ல. பக்கத்து வூட்டுல போட்டுகீறேன்” என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளை எழுதியது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. செல்வி பாட்டிலை எடுத்துப் புடவையில் துடைத்தார். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டு தண்ணீரில் உரிந்து வந்துவிட்டது.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பெயர் இல்லாத பாட்டிலைத் தொட மாட்டேன் என்றாள். செங்கல்பட்டிலிருந்து வேறு பாட்டில் வந்து சேர மதியம் ஒரு மணி ஆனது. மூன்று மணி நேரத் தாமதம். ஏழுமலைக்கு உடம்பு கொதித்தது. அது என்னால்தானோ என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மூன்று மணி நேரமும் நான் எழுந்து போகவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்த பிறகுதான் தாளை வாங்கி, ‘ஊற வைக்க’ என்பதை அடித்துவிட்டு, ‘நர்ஸ் செலுத்த வேண்டும்’ என்று பேனாவால் எழுதினேன். எனக்குத் தெரிந்த மிகச் சரியான சொல் அது. செல்வி வாங்கிப் படித்தார்.

“செலுத்தறதுனா, பேங்க்ல துட்டு செலுத்தறா மாரியாம்மா? மருந்து ஏத்தறதுனு எழுதேன். அப்டி எழுதிருந்தா, அது நர்ஸு வேலைனு நான் தொட்டே இருக்க மாட்டேனே.”

அதையே எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மென்பொருளிலிருந்து ‘ஊற வை’யை அழித்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கொண்டைக்கடலையைத் தவிர நான் எதையும் ஊற வைப்பதில்லை.