வாத்து சுட்ட அஞ்சலா

பலாபத்வலையில், ஏ-ஒன்பது வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் எண்ணெய்ப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவது அஞ்சலாவின் வேலை. கறுவா எண்ணெய், சாதிக்காய் எண்ணெய், முழங்கால் வலிக்கு ஒன்று, முடி வளர ஒன்று. வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய காலத்தில் ஒட்டி மாளாது. தொண்ணூற்றைந்தில் யுத்தம் மறுபடி மூண்டதும் அந்த பஸ்கள் நின்றுபோயின. காலையில் நாற்பது போத்தலுக்கு ஒட்டினால் அன்றைய வேலை சரி. அஞ்சலாவுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. ஒரே மகளைக் குருநாகலில் கட்டிக்கொடுத்தாயிற்று. புருஷன் சில்வெஸ்டர் சீகிரியாவில் ஒரு ஹோட்டல் லோன்றியில் துணி வெளுத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். பகல் இரண்டு மணிக்கே வீடு திரும்பி, பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அஞ்சலா.

அந்த நேரத்தில்தான் சில்வெஸ்டர் ஒரு காட்போட் பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஆளே வராததால் ஹோட்டலில் பிள்ளைகள் விளையாடும் அறையை மூடிவிட்டு, சாமான்களை வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். முந்தியவர்கள் நாற்காலி, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு போக, லோன்றியிலிருந்து கடைசியாக ஓடிய சில்வெஸ்டருக்கு மிஞ்சியது இந்தப் பெட்டி. உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ஒரு மிஷின். அதிலிருந்து இரண்டு வயர், வயரின் நுனியில் பொத்தான் வைத்த இரண்டு சின்னப் பலகை. இது முழங்கால் வலிக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கும் மருந்து மிஷின் என்பது சில்வெஸ்டரின் முடிவு. பலகைகளை இரண்டு முழங்காலிலும் வைத்துக் கட்டி, பிளக்கைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கிறது என்று வேறு சொன்னார்.

அஞ்சலா பெட்டியின் அடியைத் துழாவினாள். தடித்த பிளாஸ்டிக் கெசட்டுகள் பதினொன்று. அவற்றுக்கும் கீழே கறுப்பாக, கனமாக ஒரு துப்பாக்கி. அதன் வாலிலும் ஒரு வயர். கெசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் பறவைகள் பறந்தன. மருந்து மிஷினுக்குத் துப்பாக்கி எதற்கு என்று யோசித்தவள், புருஷனின் முழங்காலை அவிழ்த்து மிஷினை டி.வி.க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஏரியல் வயரைக் கழற்றி இதன் வயரைக் குத்தினாள். டி.வி.யின் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, இரைச்சலுக்கும் புள்ளிக்கும் நடுவிலிருந்து ஒரு நீல வானம் வந்தது. பச்சைப் புல் வந்தது. புல்லுக்குள்ளிருந்து ஒரு வாத்து, சிறகை அடித்துக்கொண்டு, கிளம்பி மேலே போனது.

அஞ்சலா துப்பாக்கியை நீட்டி அழுத்தினாள். வாத்து விழுந்தது.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

பதினொரு கெசட்டையும் அவள் விளையாடிப் பார்த்தாள். பிடித்தது, பிடிக்காதது என்று சீக்கிரமே தெளிவாகிவிட்டது. இரண்டு ஆள் நின்று உதைத்துக்கொள்ளும் கெசட்டை ஒருமுறைக்கு மேல் போடவில்லை. சண்டை பார்க்க டி.வி. எதற்கு, ரோட்டுக்குப் போனால் போதாதா என்றாள். செங்கல் சுவருக்குள் பீரங்கி வைத்த யுத்தத் தாங்கி ஓட்டும் விளையாட்டு பிடித்திருந்தது. முன்னால் போகாமல் மூலையில் ஒளிந்திருந்து அடிப்பது அவள் வழி. மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில், மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கை எப்போது இறக்க வேண்டும் என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். ஓட்டும்போது அவளும் சேர்ந்து சாய்வாள்; இரண்டு தடவை ஸ்டூலிலிருந்து விழுந்தும் இருக்கிறாள். ஆனாலும் வாத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை. சமையலுக்குத் தேங்காய் துருவும்போதுகூட அவளுடைய ஒற்றைக் கண் தானாக மூடிக்கொண்டு குறி பார்த்தது.

விளையாட்டோடு நிற்கவும் இல்லை. கெசட் வேலை செய்யாவிட்டால் ஊரே அதன் வாய்க்குள் ஊதியது. ஊதினால் எச்சில் பட்டுப் பித்தளை கறுக்கும் என்று கண்டவள் அஞ்சலா. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, போத்தல் மூடி துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைப்பாள். செத்த கெசட் எழுந்துவிடும். துப்பாக்கி எப்படிக் குறி அறிகிறது என்பதையும் பிடித்துவிட்டாள். விசையை அழுத்தும் கணத்தில் திரை சட்டென்று கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறைகிறது. துப்பாக்கி தோட்டாவை அனுப்புவதில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அவர்கள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள், நல்லது என்றார்கள்.

மாத்தளை டவுனில் ரேடியோ, டி.வி. விற்கும் புஹாரி நானாவுக்கு இவள் அருமை புரிந்தது. ஆயிரம் விளையாட்டு என்று அச்சடித்த ஒரு கெசட்டை அவர் கடையில் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, இதில் இருப்பது ஏழே ஏழுதான், அந்த ஏழும் நிறம் மாறி மாறி ஆயிரம் தடவை வருகிறது என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். புஹாரி நானா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுவாரம் கொழும்பிலிருந்து புதுச் சரக்கு வந்தபோது, அவரே ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அஞ்சலா பார்த்துத் தலையாட்டாத கெசட் அந்தக் கடையில் விலைக்கு ஏறாது.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் புஹாரி நானா ஒரு சிக்கலோடு வந்தார். தம்புள்ளையில் மொத்த மரக்கறி வியாபாரி ஒருவர் வீட்டுக்கு மிஷினும் வாத்துக் கெசட்டும் துப்பாக்கியும் கொடுத்திருந்தார். துப்பாக்கி சுடுகிறதில்லையாம். மாற்றிக் கொடுத்த துப்பாக்கியும் சுடுகிறதில்லையாம். வியாபாரியின் மனைவி றாபியா போன் எடுத்து, ஒரு வாத்தாவது விழாமல் நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அஞ்சலா போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

அஞ்சலா சனிக்கிழமை காலை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தன் மிஷினையும் கெசட்டுகளையும் துப்பாக்கியையும் ஒரு துணிப்பைக்குள் வைத்து, மேலே றாபியாவுக்கென்று ஒரு போத்தல் சாதிக்காய் எண்ணெயையும் வைத்துக்கொண்டு, தம்புள்ளை பஸ்ஸில் ஏறினாள். கையில் எதைக் கொண்டுபோகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. தம்புள்ளைக்கு மூன்று மைல் இருக்கும்போது சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. வழக்கம்போல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்ற பொலிஸ்காரி பையைத் திறந்தாள். எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். வயர் வந்தது. இன்னும் வயர் வந்தது. அடுத்ததாகக் கறுப்புத் துப்பாக்கி வந்தது.

வரிசை இரண்டாகப் பிளந்தது. அஞ்சலாவைச் சுற்றி வட்டமாக வெறும் நிலம். எங்கிருந்தோ நான்கு சிப்பாய்கள் வந்து நின்றார்கள். பெயர், ஊர், அடையாள அட்டை. தமிழ்ப் பெயர், வயர், துப்பாக்கி. சார்ஜன்ட் ஒருவர் அருகில் வந்து, இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளும் சிங்களத்திலேயே, உள்ளதைச் சொன்னாள்.

“வாத்து சுடுறதுக்கு, சேர்.”

“எந்த வாத்து?”

“டி.வி.க்குள்ள இருக்கிற வாத்து.”

சார்ஜன்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பொலிஸ்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாவடிக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் சிப்பாய்கள் கிரிக்கெட் பார்க்கும் டி.வி. ஒன்று இருந்தது. அதில் சுட்டுக் காட்டு, அதுவரை பஸ் போகாது என்றார் சார்ஜன்ட்.

அஞ்சலா வயர்களைக் குத்தினாள். திருகைத் திருப்பினாள். வானமும் புல்லும் வந்தன. பின்னால் எட்டுச் சிப்பாய்கள், வாசலில் பொலிஸ்காரி, ஜன்னலில் பஸ் பிரயாணிகளின் தலைகள். வாத்து கிளம்பியது. அஞ்சலா சுட்டாள். வாத்து பறந்துபோனது. மறுபடி சுட்டாள். அதுவும் போனது. ஐந்து வாத்து கிளம்பி ஐந்தும் சுகமாகப் பறந்துபோயின. இரண்டு வருடத்தில் அவள் அடுத்தடுத்து ஐந்தை விட்டதே கிடையாது.

அங்கேதான் ஒரு விந்தை நடந்தது. பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. சுற்றி நின்ற சிப்பாய்களின் துவக்குகளை மறந்து, டி.வி.யை முறைத்துப் பார்த்தாள். வாசல் வழியாக ஆகஸ்ட் வெயில் நேரே திரையில் அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத் திருகும் பாதிக்குக் கீழே கிடந்தது.

“கதவச் சாத்துங்க. இந்த வெளிச்சத்துல எந்தத் துவக்குக்குங்க கண்ணு தெரியும்?” என்று சிங்களத்தில் அதட்டினாள்.

கதவு என்று ஒன்று இல்லை. சார்ஜன்ட் தலையசைக்க, இரண்டு சிப்பாய்கள் மழைக் கோட்டை விரித்து வாசலை மறைத்துப் பிடித்தார்கள். ஜன்னலுக்கு ஒரு சாக்கு. அஞ்சலா வெளிச்சத் திருகை முழுதாக ஏற்றி, முழங்காலை மடித்து மண் தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடினாள். முதல் வாத்து கிளம்பிய உடனேயே விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதில் சிப்பாய்கள் எண்ண ஆரம்பித்தார்கள். பத்தாவது விழுந்தபோது, சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பிரயாணிகள் வெளியே கைதட்டினார்கள்.

சார்ஜன்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆயுதத்தைத் தானும் சோதிக்க வேண்டும் என்றார். பத்தில் பூச்சியம். ஒரு கோப்ரல் வாங்கினான்; அவனுக்கும் பூச்சியம். சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். அஞ்சலா ஒவ்வொருவருக்கும் முழங்கையை எங்கே வைப்பது, வாத்தைத் துரத்தாமல் அது வரப்போகும் இடத்தில் எப்படிக் காத்திருப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். நேரமாகிறது என்று சண்டை பிடிக்க உள்ளே வந்த கண்டக்டரும் ஒரு வாத்தை வீழ்த்திவிட்டு, இன்னொரு சுற்று கேட்டார். எல்லோரையும்விட நன்றாகச் சுட்டவள் பொலிஸ்காரிதான்: பத்துக்கு ஆறு. அஞ்சலாவும் அவளும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சற்றுமுன் பிளந்துபோன வரிசை இப்போது கொட்டிலைச் சுற்றி ஒன்றரைச் சுற்று நின்றது.

முக்கால் மணி நேரம் கழித்து பஸ் புறப்பட்டது. போகும் வழியில் இன்னொரு சாவடி இருக்கிறது என்று சொல்லி, சார்ஜன்ட் ஒரு கடதாசியில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். இந்த அம்மாவின் துப்பாக்கி டி.வி.யில் இருக்கும் வாத்துகளை மாத்திரமே சுடும், நான் சோதித்துப் பார்த்தேன் என்று அதில் இருந்தது. அடுத்த சாவடியில் அதை வாசித்த சிப்பாய், பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். அவன் வாசித்துவிட்டு வேறொருவனைக் கூப்பிட்டான். டி.வி. இல்லாத சாவடி அது, நல்லவேளை.

றாபியா வாசலிலேயே காத்திருந்தார். முப்பத்தைந்து வயது, தலையில் முக்காடு, கையில் சுடாத துப்பாக்கி. மிஷின் யாருக்கு என்று கேட்டதற்கு, யாருக்கோ என்று முதலில் இழுத்துவிட்டு, எனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். விடிய எழும்பி லொறிக்காரருக்கெல்லாம் சாப்பாடு முடித்தால், பகலில் இரண்டு மணி நேரம் தனக்கென்று இருக்கிறதாம். அஞ்சலா உள்ளே எட்டிப் பார்த்ததும் குறை தெரிந்துவிட்டது. கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, டி.வி.யின் முன்னால் ஒரு நீலக் கண்ணாடித் தட்டி மாட்டியிருந்தார்கள். அஞ்சலா அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

றாபியா அழுத்தினார். வாத்து விழுந்தது. அவர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அஞ்சலாவைக் கட்டிப் பிடித்து, அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார்.

“அக்கா, நீங்க இண்டைக்குப் போகக் கூடாது” என்றார்.

கடைசி பஸ் வரைக்கும் அஞ்சலா போகவில்லை. மாறி மாறிச் சுட்டார்கள். வாத்துகள் வேகமாகிப் புள்ளிகளாகப் பறந்த சுற்றுகளைப் பார்த்தார்கள். அஞ்சலா தாங்கியை மூலையில் ஒளிக்கும் வித்தையைக் காட்ட, முன்னால் போனால்தான் வெற்றி என்று றாபியா வாதாடி, போய், வென்றும் காட்டினார். இடையில் சாப்பிட வந்த வியாபாரி, தன் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து திரையின் மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து சாயும் இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டு, சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

மறுவருடம் ஸ்பைஸ் கார்டனை மூடியபோது அஞ்சலாவுக்குப் பெரிதாகக் கவலை வரவில்லை. புஹாரி நானா தன் கடையில் அவளுக்கென்று ஒரு மேசையும், ஒரு டி.வி.யும், ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் கொடுத்தார். கண்டியிலிருந்தும் ஆட்கள் செத்த கெசட்டோடு அவளைத் தேடி வந்தார்கள். யுத்த நிறுத்தம் வந்து பாதை திறந்தபிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கண்டி போகும் வழியில் இறங்கி, சந்தேகத்துக்குரிய நான்கு கெசட்டுகளைக் காட்டிவிட்டுப் போனார். மூன்று போலி. கெசட்டுக்குப் பதிலாக சீ.டி. தட்டுப் போடும் புது மிஷின்களை அவள் வெறுக்கவில்லை; இதில் பொத்தான் கூடிப்போய்விட்டது, எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மாதம் ஒருமுறை றாபியா வந்தார், அல்லது இவள் போனாள்.

இரண்டாயிரத்து ஆறில் சில்வெஸ்டர் வேலையிலிருந்து ஓய்வெடுத்து வீட்டோடு வந்துவிட்டார். சும்மா இருக்கிறாரே என்று அஞ்சலா அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாள். அப்படி ஒரு மோசமான குறியை அவள் பார்த்ததில்லை. டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தும் அவருக்கு ஒன்றும் விழவில்லை. மூன்றாம் மாதம், ஞாயிறு பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுட்டதில் ஒரு வாத்து விழுந்தது. சில்வெஸ்டர் எழுந்தார். அப்படியே வாசலைத் தாண்டி வீதிக்குப் போனார். பலாபத்வலைச் சந்தி வரைக்கும் நடந்து, தேநீர்க் கடையிலும் சலூனிலும் பஸ்ஸுக்கு நின்றவர்களிடமும் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். அதற்குள் அஞ்சலா முப்பது வாத்துகளை முடித்திருந்தாள்.